யார் தேர்ந்தெடுத்தது அந்த நீல 'ஈ'யை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இணையத்தின் ஆரம்ப நாட்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மோடம் கத்துகிற சத்தத்தைப் பற்றிய பத்தியை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன், அவ்வளவு அச்சாக இருந்தது. ஆனால் அதே கட்டுரையின் பின்பாதியில், நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்) தரத்தில் பின்தங்கியது, மக்கள் நீல 'ஈ' சின்னம் போட்ட மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்தார்கள், சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று ஒரே வரியில் கதையை முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. 1999 முதல் 2009 வரை திருச்சி தில்லைநகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பத்து வருஷம் பார்த்தவன், அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவது உங்கள் பாடு.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நெட்ஸ்கேப் கடைசிக் காலத்தில் நல்ல சரக்காக இல்லை, அது உண்மைதான். அதன் 4ஆம் பதிப்பில் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், பக்கத்தை மறுபடி முதலிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும். டெலிபோன் பில்லை ஏற்றுகிற பல்ஸ் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும்போது இது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்பது கடை நடத்தியவனுக்குத்தான் தெரியும். 2000 நவம்பரில், 5 என்ற எண்ணையே தாண்டிக் குதித்து 6 என்று ஒன்று வந்தது. என் மெஷின்களில் அது திறப்பதற்குள் எதிர்க்கடையில் டீ சொல்லி வாங்கிவந்து குடித்துவிடலாம். பழைய நிரலை ஓரங்கட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறோம் என்று உட்கார்ந்தது அவர்களே செய்துகொண்ட கோளாறு. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. எக்ஸ்ப்ளோரர் 5 அதைவிட நன்றாக இருந்தது, இதை மறுத்துப் பேசினால் அந்தக் காலத்து ஆட்களே சிரிப்பார்கள்.

சரி, ஆனால் முடிவு அதற்கு முன்பே ஆகிவிட்டதே.

கதை தெரியாத இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாக. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் 1993இல் மொசைக் என்ற பிரவுசர் வந்தது. அதில் வேலை செய்த மார்க் ஆண்ட்ரீசனும், ஏற்கெனவே தொழிலில் பேர் வாங்கியிருந்த ஜிம் கிளார்க்கும் 1994 ஏப்ரலில் ஆரம்பித்ததுதான் நெட்ஸ்கேப். அந்த டிசம்பரிலேயே முதல் பதிப்பு வெளிவந்தது. 1995 ஆகஸ்ட் 9ஆம் தேதி பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 28 டாலருக்கு வெளியிட்ட பங்கு அன்று மாலை 58 டாலரைத் தாண்டி முடிந்தது, லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத, பிறந்து பதினாறு மாதமே ஆன ஒரு கம்பெனிக்கு! மாணவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள், கம்பெனிகளிடம் காசு வாங்கினார்கள், சர்வர் மென்பொருளும் விற்றார்கள். நான் 1997இல் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதன்முதலாக இணையத்தைப் பார்த்தது அதில்தான். மூலையில் ஒரு பெரிய 'என்' எழுத்து, அதன்மேல் எரிநட்சத்திரங்கள் விழுந்துகொண்டே இருக்கும். பக்கம் வராவிட்டாலும் அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மைக்ரோசாஃப்ட் இதை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சாட்சியம் தேடி அலைய வேண்டாம். பில் கேட்ஸ் 1995 மே 26 அன்று தன் கம்பெனியின் மூத்த அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பு பின்னாளில் கோர்ட்டுக்கே வந்தது. இணையத்திலேயே பிறந்த புதிய போட்டியாளர் என்று நெட்ஸ்கேப்பை அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். பயம் பிரவுசர் விற்கிற காசைப் பற்றியதே கிடையாது. எல்லா மென்பொருளும் விண்டோஸுக்கு எழுதப்படுவதால் நாம் விண்டோஸ் வாங்குகிறோம், நாம் எல்லோரும் விண்டோஸ் வைத்திருப்பதால் எழுதுகிறவர்களும் விண்டோஸுக்கே எழுதுகிறார்கள். இந்தச் செக்குமாடு சுற்றிக்கொண்டே இருக்கிறவரை கல்லா நிறையும். நாளைக்கு வேலையெல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கும் என்று வந்துவிட்டால், அடியில் இருப்பது விண்டோஸா வேறு ஏதாவதா என்று எவன் கேட்பான்? அந்தப் பயம் நியாயமான பயம்தான், இன்று நம் பேங்க் வேலை, ரயில் டிக்கெட், மெயில் எல்லாம் பிரவுசருக்குள் நடப்பதைப் பார்க்கிறோமே. பயப்பட்டது தப்பில்லை. அதற்கப்புறம் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்டே உட்கார்ந்து உருவாக்கியது என்பதுபோல உங்கள் கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. ஆரம்ப நிரல் ஸ்பைகிளாஸ் என்ற சின்னக் கம்பெனியிடம் உரிமம் வாங்கியது. இவர்கள் மொசைக்கின் வணிக உரிமையை அந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றவர்கள். காலாண்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்குமேல் எக்ஸ்ப்ளோரர் விற்கிற வருமானத்தில் ஒரு பங்கு என்பது ஒப்பந்தம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நம் பக்கத்தில் தென்னந்தோப்பைக் காய்ப்பில் பங்கு என்று பேசிக் குத்தகைக்கு விடுகிற மாதிரி. தோப்பை எடுத்தவர் ஒரு காய்கூட விற்கவில்லை, தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். விற்றால்தானே பங்கு? தோப்புக்காரன் வாயைத் திறக்க முடியாது. கடைசியில் 1997 ஜனவரியில் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கு தீர்த்தார்கள். உலகத்தில் பத்தில் ஒன்பது கம்ப்யூட்டரில் உட்காரப்போகிற ஒரு பொருளின் விதைக்கு அதுதான் விலை. இந்த ஸ்பைகிளாஸ் கதையை நினைத்தால் எனக்கு நெட்ஸ்கேப்புக்கு நடந்ததைவிடக் கூடுதலாகவே மனசு கஷ்டப்படும், நெட்ஸ்கேப்காரர்களுக்காவது பேர் மிஞ்சியது.

அப்புறம் அந்த ஐகான் விவகாரம். 1996இல் காம்பாக், அன்றைக்கு உலகத்தின் பெரிய பிசி கம்பெனிகளில் ஒன்று, தன் மெஷின்களில் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. உன் விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மைக்ரோசாஃப்டிடமிருந்து கடிதம் போனது. ஐகான் திரும்பி வந்துவிட்டது. விண்டோஸ் இல்லாமல் பிசி விற்க முடியுமா? முடியாது. அவ்வளவுதான் விஷயம். அதே 1996 மார்ச்சில், அங்கே இணைய இணைப்பு விற்கிற பெரிய கம்பெனியான அமெரிக்கா ஆன்லைன் நடத்திய நாடகம் இன்னும் வேடிக்கை. 11ஆம் தேதி நெட்ஸ்கேப்போடு ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். மறுநாளே மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம், எக்ஸ்ப்ளோரர்தான் தங்கள் சேவையோடு வருகிற பிரவுசர் என்றார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது விண்டோஸ் திரையில் ஓர் இடம். அந்த இடத்துக்காக ஏங்காத இணையக் கம்பெனி அன்றைக்குக் கிடையாது, அந்த இடமோ ஒரே ஒருவர் கையில் இருந்தது.

1997 அக்டோபர் தொடக்கத்தில் எக்ஸ்ப்ளோரர் 4 வெளியானபோது அவர்கள் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய 'ஈ' சின்னம் ஒன்றைக் கொண்டுவந்து நெட்ஸ்கேப் அலுவலகப் புல்வெளியில் வைத்துவிட்டுப் போனார்கள். நெட்ஸ்கேப் பையன்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு, மேலே தங்கள் டைனோசர் பொம்மையை ஏற்றி, 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18' என்று அட்டை மாட்டினார்கள். அப்போது சந்தையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற நிலவரம் அதுதான். மூன்றே மாதத்தில், 1998 ஜனவரியில், அவர்களும் பிரவுசரை எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்த நவம்பரில் அமெரிக்கா ஆன்லைனே அவர்களை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. ஆமாம், அதே அமெரிக்கா ஆன்லைன்தான்.

இப்போது என் கடைக்கு வருகிறேன், ஏனென்றால் 'மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்' என்பதில் அந்த மக்கள் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

1999இல் ஆறு அசெம்பிள்டு மெஷின் வாங்கிப் போட்டேன். விண்டோஸ் 98. திறந்ததும் திரையில் அந்த நீல எழுத்து உட்கார்ந்திருக்கும். இணைப்புக்காக ஒரு கம்பெனியிடம் மணிக்கணக்குப் பேக்கேஜ் வாங்கினேன், பேர் வேண்டாம். அவர்கள் கொடுத்த சிடியைப் போட்டால் அதிலும் எக்ஸ்ப்ளோரர்தான், மூலையில் அவர்கள் சின்னம் சுழலும், முகப்புப் பக்கம் அவர்களுடையதாக மாறிவிடும். ஏதோ நம் கம்பெனிக்காரன் சொந்தமாகச் செய்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இணைப்புக் கம்பெனிகள் தங்கள் சின்னத்தைப் போட்டுக்கொள்ள வசதியாக மைக்ரோசாஃப்டே ஒரு கருவியைக் காசில்லாமல் உலகம் முழுக்கக் கொடுத்துவைத்திருந்தது என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு நெட்ஸ்கேப்மேல் பழைய பாசம். போட்டுவைப்போம் என்று ஒரு ராத்திரி கடை சாத்திவிட்டு டவுன்லோடு கொடுத்தேன். பதினைந்து எம்பிக்கு மேல் இருக்கும், இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற குட்மார்னிங் வீடியோ அளவு. அப்போது வினாடிக்கு மூன்று கேபி, நான்கு கேபி வந்தால் சாமி கும்பிடுவோம். கணக்குப்படி ஒன்றரை மணி நேரம். முக்கால்வாசி வந்திருக்கும், லைன் கட். விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்று நினைத்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. இரண்டாம் முறை கொடுத்துவிட்டு மேசையிலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டேன், விடியும்போது எழுந்து பார்த்தால் என்றைக்கோ அறுந்துபோய்க் கிடக்கிறது. அந்த மாத டெலிபோன் பில்லை என் அப்பா கையில் கிடைக்காமல் ஒளித்துவைத்தேன். பிறகு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் கிடைத்து, ஆறு மெஷினிலும் ஏற்றினேன். இரண்டு ஐகானும் பக்கத்தில் பக்கத்தில்.

ஒருவர்கூட அதைத் தொடவில்லை. ஒருவர்கூட என்றால் ஒருவர்கூட. வருகிறவர்களுக்கு இன்டர்நெட் என்றாலே அந்த நீல எழுத்துதான். முன்னால் வந்த யாரோ அதை அழுத்தச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், 'அந்த ஈயை ரெண்டு தடவ அமுக்குங்க சார்' என்று. துபாயில் இருக்கிற மகனுக்கு மெயில் அனுப்ப ஒரு பெரியவர் வாராவாரம் வருவார். ஒருநாள் யாரோ விளையாட்டாக ஐகானை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 'தம்பி, இந்த மெஷின்ல இன்டர்நெட் இல்லப்பா' என்று எழுந்தே வந்துவிட்டார். அவர் தேர்ந்தெடுத்தாரா? பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு டீக்கடைக்கு மட்டும் வாசல் வைத்துக் கட்டிவிட்டு, மற்ற கடைக்குப் போக வேண்டுமென்றால் சுவரேறிக் குதி என்று சொல்லி, பிறகு பாருங்கள் எல்லோரும் இந்த டீயைத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது உங்கள் கட்டுரையாளர் வாதம். நானும் இதில் குற்றமில்லாதவனில்லை. ஆறு பன்னிரண்டு மெஷின் ஆனபோது புதிய ஆறில் நெட்ஸ்கேப்பை ஏற்றவேயில்லை. யாரும் கேட்காததற்கு எதற்கு வேலை என்று விட்டுவிட்டேன்.

கட்டுரையில் வராத இன்னொன்று, தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவாத காலம் அது. டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறை ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இன்னொரு பக்கம், இவை போதாதென்று ஆளுக்கொரு சொந்த எழுத்துரு. ஒவ்வொரு தளத்துக்கும் அதன் ஃபாண்டை இறக்கிக் கம்ப்யூட்டரில் போட்டால்தான் தமிழ் தெரியும். இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் டைனமிக் ஃபாண்ட், பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் வந்து இறங்கிவிடும். அதிலும் இரண்டு ஜாதி. நெட்ஸ்கேப் 4க்கு பிட்ஸ்ட்ரீம் கம்பெனியின் ட்ரூடாக் முறை, எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்டின் ஈஓடி கோப்பு. ஒன்று மற்றதில் ஓடாது. தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் முதலில் இரண்டையும் செய்துவைத்தார்கள், பாவம், இரட்டை வேலை. நெட்ஸ்கேப்பில் வருகிற ஆட்கள் குறையக் குறைய அந்தப் பாதியை விட்டுவிட்டு ஈஓடி மட்டும் வைத்தார்கள்.

விளைவு என்னவென்றால், தமிழ் படிக்க வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோரர்தான், வேறு வழியில்லை. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது, நெட்ஸ்கேப் சாகும் தறுவாயில் திறந்துவிட்டுப் போன நிரலின் வம்சத்தில் வந்த பிள்ளை அது. ஆசையாக எல்லா மெஷினிலும் போட்டேன். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்குப் பிடித்தது. ஆனால் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் திறந்தால் தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளும் பவுண்டு குறியும் கேள்விக்குறியுமாக ஒரு பக்கம் வந்து நிற்கும். 'என்னப்பா வைரஸா?' என்பார்கள். அது வைரஸ் இல்லை, ஈஓடியை ஃபயர்ஃபாக்ஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பத்திரிகையின் இணையப் பக்கமும் அப்போது அப்படித்தான் வந்தது. யூனிகோடுக்கு எல்லோரும் மாறி முடிகிறவரை, நல்ல பிரவுசரா தமிழா என்று ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. என் கடைக்கு வந்தவர்கள் தமிழை எடுத்துக்கொண்டார்கள். இதுவும் சந்தையின் தீர்ப்புதான் என்று யாராவது சொல்லக்கூடும்.

போட்டியே இல்லாமல் போனதும் என்ன நடந்தது? 2001இல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில். ஐந்து வருஷம்! அதுவரை வருஷத்துக்கு ஒன்று என்று போட்டி போட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தவர்கள் பந்தயக் குதிரையை லாயத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 2003 வாக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அவர்களிடம், எதற்கு மெனக்கெட வேண்டும்? அந்த ஐந்து வருஷத்தை நான் கடையில் வாழ்ந்தேன். ஒரு தளத்தைத் திறந்தால் பத்து ஜன்னல் தானாகத் திறக்கும், எங்கிருந்தோ டூல்பார் வந்து ஒட்டிக்கொள்ளும், முகப்புப் பக்கம் மாறிப்போய்க் குழந்தைகள் முன்னால் கண்றாவியாக ஏதாவது வந்து நிற்கும். வாரம் ஒரு மெஷினாவது ஃபார்மட். பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலையில் வாசல்வரை கூட்டம். ஒரு பெண், அப்பா அம்மா தம்பியோடு வந்திருந்தாள், நம்பரைத் தட்டி எண்டர் அடித்ததும் மெஷின் நின்றுவிட்டது. விளம்பர ஜன்னல்கள் வரிசையாகத் திறந்து அடைத்துக்கொண்டன. அந்தத் தளமோ எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும். அடுத்த மெஷின் கிடைக்க இருபது நிமிஷம் ஆனது, அந்த இருபது நிமிஷமும் அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்தான், நல்ல மார்க். ஆனால் அவள் அப்பா போகும்போது, கடை வைத்தால் ஒழுங்காக வைக்க வேண்டும் என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்.

கோர்ட் கதையை எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள், சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1998 மே 18 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட்மேல் வழக்குப் போட்டன. கேட்ஸின் வாக்குமூல வீடியோவில் 'கவலை' என்றால் என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள், 'நாங்கள்' என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்று அவர் வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டியதைப் பார்த்து நீதிமன்றத்தில் சிரித்தார்கள். 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் கம்பெனியை இரண்டாகப் பிளக்கச் சொன்னார். வழக்கு நடக்கும்போதே அவர் நிருபர்களிடம் வாயை விட்டது மேல்முறையீட்டில் வினையாகிவிட்டது. 2001 ஜூனில் மேல் நீதிமன்றம் பிளவு உத்தரவை ரத்து செய்தது, ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டவிரோதமாக நடந்துகொண்டது என்ற தீர்ப்பை மட்டும் எடுக்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் இதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த நவம்பரில் சமரசம். 2003இல் அமெரிக்கா ஆன்லைனுக்கு 75 கோடி டாலர் கொடுத்து, நெட்ஸ்கேப்புக்காக அவர்கள் போட்டிருந்த தனி வழக்கையும் முடித்தார்கள். இதெல்லாம் முடிகிறபோது நெட்ஸ்கேப் வெறும் பேராக இருந்தது, 2008 மார்ச்சோடு அந்தப் பேரும் போனது.

கட்டுரையின் முடிவில் கூகுள் வந்து போட்டியை மீட்டது என்றும், குரோமை உருவாக்கிய குழுவை நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை என்றும் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பெருமை எனக்கும் உண்டு, குரோம் வந்த 2008இல் என் மெஷின்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2006இல் எக்ஸ்ப்ளோரர் 7இன் தேடல் பெட்டியில் மைக்ரோசாஃப்ட் தன் தேடலையே முதலில் வைக்கிறது, இது அநியாயம் என்று அதிகாரிகளிடம் முறையிட்டது இதே கூகுள். அதே கூகுள் 2021இல் மட்டும் தன் தேடல் பெட்டி போன்களிலும் பிரவுசர்களிலும் முதலிடத்தில் இருப்பதற்காக 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது கோர்ட்டில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா அதை ஏகபோகம் என்றே தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் சொல்வாரோ என்று பார்த்தால், 2025 செப்டம்பரில் அது வேண்டாம், ஆனால் தன்னுடையது மட்டுமே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போனோடு முன்கூட்டியே ஏற்றி வருகிற செயலிகள்தான் அதிலும் பிரச்சினை. காம்பாக் ஐகானை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அச்சில் போனது போனதுதான், இணையப் பதிப்பிலாவது அந்த 'மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்' என்ற வரியை எடுத்துவிட்டு, என்ன நடந்ததோ அதை நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ஸ்பைகிளாஸ் பேரையும் ஒரு இடத்தில் சேர்த்துவிட்டால் நல்லது. மோடம் சத்தம் பத்தியில் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் பிரவுசிங் சென்டர்காரர்,
தில்லைநகர், திருச்சி.